இறங்கறதும் நடைதான் கண்ணு

கண்ணு,

போன் எடுக்கல, மீட்டிங்ல இருக்கேன்னு மெசேஜ் வந்துச்சு, சரி எழுதியே அனுப்பிடலாம்னு உக்காந்துட்டேன். முழுசா படி சாமி. பாதியில நிறுத்திட்டு கட்டைவிரல் பொம்மைய மட்டும் போட்டு அனுப்பாத.

இங்க எல்லாரும் சௌக்கியம். வடவள்ளில ரெண்டு நாளா மழை, மாடியில காயப்போட்ட வடகம் எல்லாம் போச்சு. அமுச்சி நல்லா இருக்காங்க. பெரியப்பா வீட்டு விசேஷத்துல எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க, லீவு கெடைக்கலன்னு சொல்லி வெச்சேன். அதெல்லாம் இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேற.

அன்னிக்கு நீ சொன்னயே, "லிஃப்ட்ல ஏறிட்டு படியில இறங்கறதெல்லாம் ஒரு எக்ஸர்சைஸாம்மா, சும்மா கீழ வர்றதுதான"ன்னு, அத கேட்டதுல இருந்து எனக்கு மனசு ஆறவே இல்ல. இத்தன வருஷம் பிசியோதெரபி டிபார்ட்மென்ட்ல நின்னு எத்தனை பேரோட முட்டிய மடக்கி நீட்டி நடக்க வெச்சிருப்பேன், எம்பையனே இப்படி நெனச்சுட்டு இருக்கானேன்னு இருந்துச்சு. கீழ வர்றது சும்மா இல்ல கண்ணு. ஏறுறப்ப தொடை முன்பக்க தசை சுருங்கி உடம்ப மேல தூக்குது. இறங்கறப்ப அதே தசை நீண்டுக்கிட்டே உன் வெயிட்ட தாங்குது, கொண்டை ஊசி வளைவுல லோடு லாரிய பிரேக் புடிச்சு புடிச்சு இறக்கற மாதிரி. இத எக்சென்ட்ரிக்னு சொல்லுவோம். இந்த வேலைக்கு தசை கொஞ்ச நாரைத்தான் எழுப்பும், ஆனா எழும்பின ஒவ்வொரு நாருக்கும் இழுவை ஜாஸ்தி. ஆக்சிஜன் செலவு கம்மி, மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது, அதனால நாம ஒண்ணுமே செய்யலன்னு தோணுது. தோணுறதுதான், நெசம் அது இல்ல.

காலேஜ்ல எங்களுக்கு சொல்லிக்கொடுத்தது ஒண்ணு இன்னும் மறக்கல. 1952ல லண்டன்ல ஆபட், பிக்லண்ட், ரிட்சின்னு மூணு பேரு ரெண்டு சைக்கிள பின்னுக்கு பின்னா வெச்சு ஒரே செயின்ல கட்டிட்டாங்க. ஒருத்தர் முன்னால மிதிக்கணும், இன்னொருத்தர் அந்த மிதிய காலால எதுத்து தடுக்கணும். ரெண்டு பேர் காலும் குடுக்கற விசை ஒரே அளவுதான், ஆனா தடுத்தவங்களுக்கு ஆன ஆக்சிஜன் செலவு ரொம்ப ரொம்ப கம்மி. ஒல்லியா ஒரு பொண்ண தடுக்கற பக்கம் உக்கார வெச்சு, நல்லா வாட்டசாட்டமான ஆம்பளைய மிதிக்க விட்டு காட்டினாங்களாம், அந்தாளுக்குத்தான் மூச்சு வாங்குச்சு, பொண்ணு அசரவே இல்ல. இறங்கறப்ப நம்ம காலு செய்யறது அந்த தடுக்கற வேலைதான். நெஞ்சு பலமில்லாத பேஷண்டுங்களுக்கும் வயசானவங்களுக்கும் இந்த மாதிரி எக்ஸர்சைஸ் குடுக்கறதுக்கு இதுதான் காரணம், மூச்சுக்கு பாரம் இல்லாம காலுக்கு பலம்.

நீ வெள்ளியங்கிரி போயிட்டு வந்தயே, அத நெனச்சுப்பாரு. ராத்திரி பூரா டார்ச்சும் மூங்கில் கம்புமா ஏழு மலையும் ஏறி, விடியறப்ப மேல இருந்து போட்டோ அனுப்பினியே, அத நான் தெருவுல ஒருத்தர் விடாம காட்டினேன், இப்பவும் என் போன்ல அதான் முன்னால இருக்கு. ஏறினதுல உனக்கு ஒண்ணும் ஆகல. இறங்கறப்பதான் முட்டி தந்தியடிக்குதுன்னு சொன்ன. வீட்டுக்கு வந்த அன்னிக்குக்கூட நல்லாத்தான் இருந்த, மறுநாளு, அதுக்கும் அடுத்த நாளு பாத்ரூம்ல உக்காந்து எந்திரிக்க முடியாம சுவத்த புடிச்ச, "லாக்டிக் ஆசிட்மா"ன்ன. அது இல்ல கண்ணு. லாக்டிக் ஆசிட்டு ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துல ரத்தத்த விட்டு போயிரும். உனக்கு வந்தது, பழக்கமில்லாத தசைய நீட்டி நீட்டி தாங்க வெச்சதால உள்ள நுணுக்கமா சேதாரமாகி, ஒண்ணுல இருந்து மூணு நாளைக்குள்ள உச்சத்துக்கு வர்ற வலி.

அதுக்கப்பறம் "இனி மலைப்பக்கமே வேண்டாம்"னு விட்டுட்ட பாரு, அங்கதான் எனக்கு வருத்தம். அந்த ஒரு தடவை வலிச்சுதே, அதுலயே தசை கத்துக்கும். சில வாரத்துக்குள்ள திரும்ப இறங்கினா பாதி வலிகூட இருக்காது. நாங்க கண்ணால பார்த்தது. வலிய மட்டும் வாங்கிட்டு, அதுல கெடைச்ச பலன கைய விட்டு நழுவ விட்டுட்ட. அப்பறம் உக்காந்தே இருந்த, ஆபீஸ்லயும் உக்காந்து, கார்லயும் உக்காந்து, வீட்டுலயும் லேப்டாப்ப மடியில வெச்சு. போன தீபாவளிக்கு ஒண்ணர நாளு வந்தப்ப பார்த்தேன், தரையில சாப்பிட உக்காந்துட்டு எந்திரிக்கறப்ப கைய ஊனித்தான் எந்திரிச்ச. உனக்கு முப்பத்தாறு வயசுதான் ஆகுது.

நான் ஒண்ணும் கேக்கல. நீயா சொல்றப்ப சொல்லு. நான் காலப்பத்தி மட்டும் பேசறேன்.

தைவான்ல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, 2017ல வந்துச்சு. உடம்பு கனமான வயசான பொம்பளைங்க முப்பது பேரு, பன்னெண்டு வாரம், வாரத்துக்கு ரெண்டு நாளு. பாதிப்பேரு படி ஏறி லிஃப்ட்ல இறங்கினாங்க, மீதிப்பேரு லிஃப்ட்ல ஏறி படியில இறங்கினாங்க. முட்டிய நீட்டற தசை பலம் ஏறினவங்களுக்கு 15 சதவீதம் கூடுச்சு, இறங்கினவங்களுக்கு 34 சதவீதம். பிரஷர், எலும்பு, சக்கரைன்னு மத்ததுலயும் இறங்கினவங்கதான் முன்னால இருந்தாங்க. நீ இருக்கறது பதினோராவது மாடி. அவங்க ஆராய்ச்சிக்கு தேடிப்போன பில்டிங்குலதான் நீ குடியே இருக்கற கண்ணு, ஒரு ரூபா செலவில்ல.

அதுக்கும் முன்னால ஆஸ்திரியாவுல ஹைன்ஸ் ட்ரெக்செல்னு ஒரு டாக்டர் ஆல்ப்ஸ் மலையில இதையே செஞ்சு பார்த்தாரு. ரெண்டு மாசம் மலையேறிட்டு கேபிள் கார்ல இறங்கறது, ரெண்டு மாசம் கேபிள் கார்ல ஏறிட்டு நடந்து இறங்கறது. 2004ல அமெரிக்காவுல ஹார்ட் டாக்டருங்க மாநாட்டுல சொன்னாரு. கெட்ட கொழுப்பு ரெண்டு விதத்துலயும் கொறைஞ்சுது, ட்ரைகிளிசரைடுங்கற இன்னொரு கொழுப்பு மலையேறினதுல மட்டும் கொறைஞ்சுது, ஆனா ரத்தத்துல சக்கரைய சமாளிக்கற தெம்பு இறங்கினதுல நல்லா கூடுச்சு. இத படிச்ச அன்னிக்கு நான் உங்கப்பாவத்தான் நெனச்சேன். 2004. அப்ப யாராவது எங்களுக்கு இப்படி சொல்லியிருந்தா. அவரு நடைன்னாலே ஓடிருவாரு, மூச்சு வாங்குதும்பாரு. இறங்கறதுன்னா மூச்சு வாங்காது, வந்திருப்பாரு.

அதுக்காக ஏறவே வேண்டாங்கல. நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் மூச்சு வாங்கணும், அது ஏறுறதுலதான் கெடைக்கும், இல்லன்னா வெறசலா நடக்கணும். ஆனா ஒண்ணுமே செய்யாம இருக்கறவன் எதுல இருந்தாவது ஆரம்பிக்கணும்ல, லேசுல ஆரம்பிக்கறது இதுதான். நானும் செய்யறேன், உனக்கு மட்டும் சொல்லல. மருதமலைக்கு கோயில் பஸ்ல மேல போயிடறேன், சாமி கும்பிட்டுட்டு எண்ணூத்துச் சொச்சம் படியும் நடந்து இறங்கறேன். ஆரம்பத்துல எனக்கும் தொடை கடுத்துச்சு, இப்ப இல்ல. அடிவாரத்துல பூக்காரம்மா "அம்மா, ஏறி வர்ற ஆளயே பார்க்க முடியல, இறங்கி மட்டும் வர்றீங்களே"ன்னு கேட்டாங்க, அவங்களுக்கும் ஆஸ்திரியா கதைய சொன்னேன்.

இப்ப கவனமா கேளு. மொத வாரம் பதினோரு மாடியும் இறங்காத, உனக்கு ஆர்வம் வந்தா தலைகால் புரியாது. உன் மாடியில இருந்து மூணு மாடி மட்டும் படியில இறங்கு, அங்க லிஃப்ட் புடிச்சுக்கோ. ஒரு நாளு விட்டு ஒரு நாளு. வலி கொறைஞ்சதும் ஒரு ஒரு மாடியா கூட்டு. தடதடன்னு ஓடாத, ஒவ்வொரு படியையும் மெதுவா, முட்டிய லேசா மடக்கி வெச்சே கால ஊனு, முட்டிய லாக் பண்ணிட்டு இறங்கினா அடி நேரா மூட்டுக்கு போகும். படி இறங்கறப்ப முட்டிக்குள்ள வர்ற பாரம் உடம்பு எடைக்கு மூணு மடங்குக்கு மேல, தசைதான் அத வாங்கணும், எலும்பு இல்ல. கைப்பிடிய தொட்டுக்கோ. போன் பாக்கெட்டுல இருக்கட்டும். முட்டிச்சில்லுக்கு பின்னால குத்தற மாதிரி வலிச்சா நிறுத்திரு, தொடையில கனமா கடுத்தா அது பரவால்ல, ரெண்டும் வேற. மலைக்கு போனா கம்பு எடுத்துக்கோ, ரெண்டு கம்புன்னா இன்னும் நல்லது, முட்டி பாரம் நெசமாலுமே கொறையும்.

ரொம்ப பண்ணிட்டு ஒண்ணுக்கு கோலா நெறத்துல போச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு போயிரணும், தசை ஒடைஞ்சு கிட்னிக்கு வர்ற ஆபத்து அது. தசை ரொம்ப வலிக்கிற ரெண்டு நாளு சக்கரை சும்மா எடுத்து பார்த்தாக்கூட சித்த ஜாஸ்தியா காட்டலாம், சேதாரமான தசை சக்கரைய சரியா உள்ள வாங்காது, அத பார்த்து பயந்து விட்டறக்கூடாது. அதனாலதான் மெதுவா ஆரம்பின்னு சொல்றது.

செருப்போட இறங்காத. ஷூ போடு. சாக்ஸ் போடு. இறங்கறப்ப பாதம் முன்னால சறுக்கும், விரல் ஷூ முனையில இடிக்கும், நகத்த ஒட்ட வெட்டாம நேரா வெட்டு. ராத்திரி படுக்கறதுக்கு முன்ன பாதத்த பாரு, விரலிடுக்குல பாரு, அடியில கண்ணாடி வெச்சு பாரு. கொப்புளம் இருந்தா குத்தாத. எரியலன்னாலும் பாரு, எரியாததுதான் மோசம். உனக்கு தெரியும். அந்த ஆவணி மாசம் நீ பன்னெண்டாவது படிச்சுட்டு இருந்த, உனக்கு எல்லாம் தெரியும், நான் எழுதல. அந்த ஷூவ நான் இன்னும் தூக்கிப்போடல. உங்கப்பாவுக்கு அப்ப நாப்பத்தொண்ணு.

பாதத்துல மரத்த மாதிரியோ பஞ்சு மேல நிக்கற மாதிரியோ இருந்தா மொத டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்பறம்தான் படி. கண்ணையும் காட்டிரு, பவருக்கு இல்ல, மருந்து விட்டு உள்ள விழித்திரைய பார்ப்பாங்களே அது. இதெல்லாம் நான் எல்லா பேஷண்டுக்கும் சொல்றதுதான், உனக்குன்னு தனியா சொல்லல.

உனக்குன்னுதான் சொல்றேன் கண்ணு. மூணு நாளா இத எப்படி எழுதறதுன்னு தெரியாம சுத்தி சுத்தி எழுதிட்டு இருக்கேன். பாப்பாகிட்ட கோவிச்சுக்காத, அவ என்கிட்ட போன்ல அழுதா, வேற யாருகிட்ட சொல்லுவா. நீ மறைச்சது எனக்கு கோவம் இல்ல, நான் தனியா இருக்கறவ, வெசனப்படுவேன்னு மறைச்சிருப்ப. ஆனா மறைச்சு வெச்சா அது கொறையாது சாமி. இப்ப கண்டுபுடிச்சதே நல்லது, உங்கப்பாவுக்கு கண்டுபுடிச்சப்ப புண்ணே வந்திருச்சு. உனக்கு மாத்திரைய ஒழுங்கா போட்டு, சாப்பாட்ட பார்த்து, காலையும் பலமா வெச்சுக்கிட்டா நல்லா இருக்கலாம், உடம்புல சக்கரைய அதிகமா இழுத்துக்கற எடமே தசைதான், அதுலயும் தொடைதான் பெருசு. நான் படி படின்னு அடிச்சுக்கறது அதுக்குத்தான்.

அடுத்த மாசம் இன்டர்சிட்டில டிக்கெட் போட்டுட்டேன். ஒரு வாரம் இருப்பேன். ஆபீஸ் கெளம்பறப்ப தெனமும் உன்கூட இறங்கறேன், நீ முன்னால நான் பின்னால, கீழ வந்து நீ கார் எடு, நான் லிஃப்ட்ல மேல போயிடறேன். ஷூ புதுசு வாங்கணும், சாயங்காலமா போய் வாங்கலாம், பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கறப்ப போட்டு பார்த்தாத்தான் அளவு சரியா தெரியும், பெருவிரலுக்கு முன்னால ஒரு வெரல் எடம் இருக்கணும். சைஸ் ஒம்போதுதான இன்னும்?

டாக்டர்கிட்ட அடுத்து எப்ப போறன்னு ஒரு வரி அனுப்பு. நான் வர்ற வாரத்துலன்னா நானும் கூட வரட்டுமா?

அம்மா