கோபுரத்துக்கு அடியில்

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். முட்டிவலிக்குத் தைலத்தையே நம்பிக்கொண்டிருக்காதே, நல்ல எலும்பு டாக்டராகப் பார்.

நான் இன்னும் இங்கிலாந்தில், லீட்ஸில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் பக்கத்திலிருக்கும் யார்க் நகரத்துக்குப் போய்வந்தோம். பொதுப்பணித்துறையில் அஸ்திவாரம் பார்த்தே ஆயுளைக் கழித்தவன் நீ. அதனால் அங்கே உள்ள மின்ஸ்டர் பேராலயத்தின் கதையை உனக்குச் சொல்லாமல் முடியாது.

1407-ல் அதன் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டினார்கள். 1967-ல் ஆய்வு செய்தால், அந்தக் கோபுரமும் விழத் தயாராக நிற்கிறது! பழைய அஸ்திவாரத்தைச் சுற்றிப் புதிதாகக் கான்கிரீட் போட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளால் இரண்டையும் இறுக்கிப் பிணைத்துவிட்டார்கள். 1972 வரை நடந்த வேலை. அதற்காகத் தோண்டியபோது அகப்பட்டதுதான் ரோமானியப் படையின் தலைமையகம். கி.பி. 71-ல் அவர்கள் இங்கே கோட்டை போட்டிருக்கிறார்கள். படியிறங்கிப் போனால் ரோமானியச் சுவரையும் 20-ஆம் நூற்றாண்டுக் கான்கிரீட்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். கம்பிகளின் முனைகள் கான்கிரீட்டிலிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. நான் அங்கேயே நின்றுவிட்டேன். மருமகள் வந்து இழுத்துப் போனாள். ரோமானியர் கட்டிய வடிகாலில் இன்னமும் தண்ணீர் ஓடுகிறதாம். நம் காண்டிராக்டர்கள் போட்டது ரெண்டு மழைக்குத் தாங்குமா, நீயே சொல்.

மேலே கிழக்குப் பக்கத்து வண்ணக் கண்ணாடிச் சன்னல் கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் மைதானம் அளவு. 1405-ல் ஜான் தார்ன்டன் என்ற கலைஞரிடம் ஒப்பந்தம் போட்டு, மூன்று வருஷம் கெடு வைத்தார்கள். முடித்துக் கொடுத்தால் 10 பவுண்டு தனியாகத் தருவதாகப் பேச்சு. மனுஷன் 1408-ல் முடித்துவிட்டார்.

இந்த ஊரில் எங்கே கடப்பாரை போட்டாலும் ஏதாவது கிளம்புகிறது. 1972-ல் ஒரு வங்கிக் கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் காலத்து மனிதர் ஒருவர் கழித்த மலம் கல்லாக உறைந்து கிடைத்தது. சிரிக்காதே! அதை யார்விக் வைக்கிங் மையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அவர் என்ன தின்றார், வயிற்றில் என்ன புழு இருந்தது என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். 1976 முதல் காப்பர்கேட் தெருவில் பெரிய அளவில் தோண்டியபோது தோல் செருப்பு, மரச்சாமான், துணி எல்லாம் மக்காமல் வந்தன. ஈர மண்ணில் காற்றுப் புகாததுதான் காரணம்.

ஒரு மேட்டின்மேல் நிற்கும் கிளிஃபோர்ட்ஸ் டவர் என்ற கோபுரத்துக்குப் போனதும் கலகலப்பெல்லாம் அடங்கிப்போனது. 1190-ல் ஊர்க்கூட்டம் துரத்த, சுமார் 150 யூதர்கள் அந்த மேட்டின்மேல் இருந்த மரக்கோட்டையில் அடைக்கலம் புகுந்தார்கள். பலர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள், மிச்சப்பேரைக் கூட்டம் கொன்றது. இப்போது நிற்கும் கல்கோபுரம் பிறகு எழுந்தது. அடிவாரத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நிறையப் பேர் அதைக் கவனிக்காமல் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஷாம்பிள்ஸ் என்று ஒரு சந்து. முன்பு கசாப்புக்கடைத் தெரு. மாடிகள் முன்னால் துருத்திக்கொண்டு எதிரும் புதிருமாக முட்டப் பார்க்கின்றன. கண்ணுக்கு அழகுதான், ஆனால் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. கடைகளிலும் மந்திரக்கோலும் மிட்டாயும்தான்.

நீ வந்தால் ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. 1938-ல் மணிக்கு 126 மைல் ஓடிய ‘மல்லார்ட்’ நீராவி என்ஜின் அங்கேதான் நிற்கிறது, நீராவியில் அதை மிஞ்சியது எதுவும் இல்லை. தரைமட்டமாகவே நடந்து பார்த்துவிடலாம் என்பதால் உன் முட்டிக்கும் தோது. மூன்றரை கிலோமீட்டர் மதில்மேல் நடப்பதை மட்டும் விட்டுவிடலாம், படிகள் செங்குத்து.

கல்யாணத் தேதி முடிவானதும் உடனே எழுது. டிக்கெட்டை அதற்கேற்ப மாற்ற வேண்டும், கடைசி நேரத்தில் விலை எகிறிவிடும்.

அன்புடன்,
வேணு

பி.கு.: சீட்டுக்காரர் பாக்கியைக் கொடுத்தாரா?