உன் மைனஸ் 15, என் 9

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வாரம் போனில் "இங்கே 9 டிகிரி, கை விறைக்குது" என்று சொன்னதும் சிரித்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நடுவில் புகுந்து "டொரன்டோவில் மைனஸ் 15 உம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். எழுதிவிட்டால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

உன் மைனஸ் 15 வாசலோடு நின்றுவிடுகிறது. கதவைச் சாத்திவிட்டு டீ ஷர்ட்டோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றாய், வீடியோவில் பார்த்தேன். ஹாங்காங்கில் குளிர் நம்மோடு லிஃப்டில் ஏறி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இங்கே வீடு கட்டினவர்கள் கோடையை மட்டும்தான் நினைத்தார்கள் போலிருக்கிறது. நம் வீட்டு ஏசிக்குக் குளிரவைக்க மட்டும்தான் தெரியும். ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடிக்கிறது. சுபுஹு தொழுகைக்கு எழுந்து அந்த டைல்ஸில் காலை வைத்துப் பார், தெரியும். கீசர் தண்ணீர் சூடாகிக் குழாய்க்கு வருவதற்குள் கை, முகம், கால் கழுவி ஒளுவே முடிந்துவிடுகிறது.

நீ தெர்மாமீட்டரைப் பார்க்கிறாய். நான் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்க்கிறேன். 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் எண்ணெய் கட்டும். ஜனவரி பிறந்தபோது, மத்தியான வெயில் அடுக்களை ஜன்னலில் விழுகிற நேரத்தில் மட்டும் ஓரம் கொஞ்சம் இளகும், கரண்டிக் காம்பை விட்டு நோண்டிவிடலாம். பதினைந்து தேதிக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகி, காம்பு வளைந்ததுதான் மிச்சம். இப்போது காலையில் முதல் வேலை, பாட்டிலைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் நிறுத்துவது. அதற்கப்புறம்தான் டீக்கே அடுப்பு.

மாதத் தொடக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வடக்கிலிருந்து காய்ந்த காற்று, மேகமே இல்லாத வானம். ஸ்டார் ஃபெர்ரியில் நின்றால் எதிர்க்கரைக் கட்டடங்களின் ஜன்னல்களை எண்ணிவிடலாம். உதடு வெடித்தது, காட்டுத் தீ எச்சரிக்கை சிவப்புக்குப் போனது, அவ்வளவுதான். அப்புறம் சைபீரியப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கியது. வானிலை ஆய்வகம் குளிர் எச்சரிக்கை கொடுத்தது. நகருக்குள் 12 டிகிரி அல்லது அதற்குக் கீழே போகும் என்றாலே கொடுத்துவிடுவார்கள், உனக்குத்தான் தெரியுமே. அதுவும் வெயிலோடு வந்திருந்தால் பரவாயில்லை. மேகம் மூடி, தூறலும் சேர்ந்து நான்கு நாள். துணி காயவே இல்லை. ஈரக் குளிர் எலும்புவரைக்கும் போகிறது, மகளே. ஊரில் ஐப்பசி கார்த்திகை மழையைக் கொண்டுவருவதும் இந்த வடகிழக்குக் காற்றுதான், ஆனால் காயல்பட்டினத்தில் அதற்கு இவ்வளவு திமிர் கிடையாது.

கீழே வாட்ச்மேன் தாத்தா இரண்டு ஜாக்கெட், ஒரு மஃப்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். எதிர் வீட்டு நாய்க்குக்கூடக் கோட்டு. நான் மட்டும்தான் சால்வையோடு சமாளிக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள் தும்மல் பிடித்துக்கொண்டது.

2016 ஜனவரி 24 ஞாபகம் இருக்கிறதா? நீ பிரைமரியில் இருந்தாய். நகருக்குள்ளேயே 3.1 டிகிரி, 1957க்கு அப்புறம் அவ்வளவு இறங்கினது அன்றைக்குத்தான். டாய் மோ ஷான் மலை உச்சியில் மைனஸ் 6. ஐஸ் பார்க்கக் கூட்டிப் போகச் சொல்லி வாப்பாவிடம் அழுதாய். அவர் மாட்டேன் என்றதற்கு இரண்டு வேளை பேசவில்லை. சாயங்காலம் டிவியில் பார்த்தால், ஐஸ் பார்க்கப் போனவர்கள் மலைப்பாதையில் வழுக்கி விழுந்து கிடக்க, தீயணைப்பு வீரர்கள் போய் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் வீரர்களுமே வழுக்கினார்கள். மறுநாள் பிரைமரிக்கெல்லாம் லீவு விட்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு 3 டிகிரிக்குப் போர்வைக்குள் அழுத பிள்ளைதான் இன்றைக்கு என் 9ஐப் பார்த்துச் சிரிக்கிறது. சரி, இருக்கட்டும்.

குளிரில் ஒரே லாபம் தெருமுனை செஸ்ட்நட் வண்டி. கரிய மணலில் புரட்டிப் புரட்டி வறுக்கிற வாசம் பாதி தெருவுக்கு வருகிறது. ஜும்மா முடிந்து நாதன் ரோட்டிலிருந்து வரும்போது வாப்பா ஒரு பொட்டலம் வாங்கி, கோட்டுப் பைக்குள் வைத்துக் கையைச் சூடேற்றிக்கொண்டே வருகிறார். வீடு சேர்வதற்குள் பாதி காலி. உன் பங்கையும் தானே தின்றதாகச் சொல்லச் சொன்னார்.

நேற்றிலிருந்து மறுபடி வெயில், 19 டிகிரி. எண்ணெய் இன்னும் கட்டியாகத்தான் இருக்கிறது. ஆயில் ஹீட்டர் ஒன்று வாங்கலாம் என்று நான், இன்னும் ஒரு மாதம்தானே என்று வாப்பா. அது முடிந்தால் சுவரெல்லாம் வியர்த்து வழிகிற பருவம் வந்துவிடும், அதற்கு ஈரம் உறிஞ்சும் மெஷினைத் தூசி தட்ட வேண்டும்.

அலமாரியில் நீ விட்டுப்போன நீல ஜாக்கெட்டை நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். கை இரண்டு விரல் நீளம், மடித்துவிட்டிருக்கிறேன். கோடையில் வரும்போது அதைத் திருப்பிக் கேட்காதே.

உம்மா