நான்கு பாதைகளில் இரண்டு

அம்பத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராஜாமணி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். கோபமாகத்தான் இருப்பாய். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, காலையில் பேப்பரை எனக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறார். கவிதா ப்ளஸ் டூ. தங்கச்சிக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்ததா? போன மாதம் தாம்பரத்தில் பாயைப் பார்த்தேன். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் லீவில் உங்கள் இடத்தில் பழைய ஸ்டோரேஜைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டப் போகிறீர்கள் என்று செந்தில் சொன்னான். அன்றிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. நீ அதில் கை வைப்பதற்கு முன்னால் எங்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து நீயே முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். லேப் ரிப்போர்ட், ரத்த வங்கி, வார்டுப் பதிவு எல்லாம் ஒரே டேட்டாபேஸில். அது ஓடுவது ஸ்பார்க் டி4-1 சர்வரில், ஆபரேட்டிங் சிஸ்டம் சோலாரிஸ் 10. சர்வர் பழசானாலும் கல் மாதிரி நிற்கிறது. பின்னால் இருந்த டிஸ்க் பெட்டிதான் தள்ளாடியது, மாதம் ஒரு டிஸ்க் போய்க்கொண்டிருந்தது. ஜூலையில் புதுப் பெட்டி வந்தது. இரண்டு கன்ட்ரோலர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபைபர் போர்ட். சர்வரில் ஃபைபர் மாட்டும் எச்பிஏ கார்டு இரண்டு. நடுவில் ஒன்றோடொன்று சேராத இரண்டு ஸ்விட்ச். ஒரு கார்டு ஒரு ஸ்விட்சுக்கு, ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் ஒவ்வொரு கேபிள். ஆக, ஒரு லன்னுக்கு, அதாவது பெட்டி சர்வருக்கு ஒரு டிஸ்க்காகக் காட்டும் துண்டுக்கு, போக நான்கு பாதை. கார்டு, ஸ்விட்ச், கன்ட்ரோலர் இதில் எது செத்தாலும் இரண்டு பாதை மிஞ்ச வேண்டும்.

அந்த வேலையை எவ்வளவு ஆசையாகச் செய்தேன் தெரியுமா! தரைக்கு அடியில் பழைய ஆரஞ்சு கேபிள் அறுபது மீட்டருக்கு மேல் ஓடியது. அது ஓஎம்2 ரகம், 8 கிகாபிட் வேகத்துக்கு அதில் 50 மீட்டர்தான் கணக்கு. பழையதே போதும் என்றார்கள், நான் விடவில்லை. ஓஎம்3 வாங்க வைத்தேன், அதில் 150 மீட்டர் வரை போகலாம். ஒவ்வொரு முனையையும் மாட்டுவதற்கு முன்னால் துடைத்தேன். முழுதாகச் செத்த பாதையைவிட அழுக்குப் பிடித்த பாதை மோசம் என்று உனக்குத் தெரியும். செத்தால் சர்வர் உடனே வேறு வழி பார்த்துக்கொள்ளும். அரை உயிரோடு இருந்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் 60 நொடி காத்திருந்து, மறுபடி கேட்டு, மறுபடி காத்திருந்து, மேலே இருக்கிற டேட்டாபேஸைத் திணறடித்துவிடும்.

சோனிங்கும், அதாவது எந்தப் போர்ட் எதோடு பேசலாம் என்று ஸ்விட்சில் வகுப்பதும், அப்படித்தான். எஃப்சிஇன்ஃபோ கட்டளை போட்டு இரண்டு கார்டின் டபிள்யூடபிள்யூஎன் என்ற அடையாள எண்ணையும் எடுத்து, 16 இலக்கத்தையும் ஒருத்தர் வாய்விட்டுப் படிக்க இன்னொருத்தர் சரிபார்த்தோம். ஒரு சோனுக்கு ஒரே ஒரு சர்வர் போர்ட்தான். சந்தானம் சார் பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

அப்புறம் எம்பிஎக்ஸ்ஐஓ, பல பாதையை ஒரே டிஸ்க்காகக் காட்டும் சோலாரிஸ் வசதி. நீ ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் சிஸ்டம் பக்கம் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, சோலாரிஸ் மறந்திருக்கும். ஆனால் அந்த நாற்பது டிஸ்க்கை மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன், அது என் உரிமை! டிஸ்க் பட்டியல் காட்டும் ஃபார்மேட் கட்டளையை அடித்துப் பார்த்துவிட்டு, "பத்துக் கேட்டோம், நாற்பது குடுத்திருக்காங்கடா" என்று நீ மாடி வரைக்கும் ஓடியதும், அன்று சாயங்காலம் எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக்கொடுத்ததும். பத்து லன், நான்கு பாதை, ஒவ்வொன்றையும் தனி டிஸ்க்காக எண்ணி நாற்பது. ஸ்பார்க்கில் சோலாரிஸ் 10 ஃபைபருக்கு எம்பிஎக்ஸ்ஐஓவைத் தானாகப் போட்டுவிடாது. எஸ்டிஎம்எஸ்பூட் கட்டளை கொடுத்து ரீபூட் செய்தால்தான் நான்கும் ஒன்றாக மடிந்து ஒரே நீளப் பெயரில் வரும்.

இந்த முறையும் போட்டேன். ஃபார்மேட்டில் எத்தனை லன் உண்டோ அத்தனை டிஸ்க், அழகாக. பாதைகளை எண்ணிச் சொல்லும் எம்பாத்அட்ம் கட்டளையைக் கேட்டேன். ஒவ்வொரு லன்னுக்கும் கீழே இரண்டு வரி: மொத்தப் பாதை 2, இயங்கும் பாதை 2.

ராஜாமணி, அந்த இரண்டைப் பார்த்து நான் திருப்திப்பட்டேன். இரண்டுக்கு இரண்டு இருக்கிறதே, எதுவும் குறையவில்லையே என்று. என் கையால் வரைந்த படத்தில் நான்கு என்று எழுதியிருக்கிறேன். அந்தப் படம் ரேக் கதவில்தான் ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

சோதனையும் செய்தோம். சர்வரில் ஒரு கேபிளை உருவினேன், ஓடியது. மாட்டிவிட்டு அடுத்ததை உருவினேன், ஓடியது. ஒரு ஸ்விட்சை அணைத்தோம், ஓடியது. கன்ட்ரோலரை மட்டும் தொடவில்லை. பெட்டி கொடுத்த கம்பெனியிலிருந்து வந்த பையன், புதுப் பெட்டியில் அது வேண்டாம் சார் என்றான். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. நானும் சரி என்றேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பழைய பெட்டியில் விடிய விடிய ஓடிய பேக்கப் இரவு ஒரு மணிக்கே முடிந்தது.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, கன்ட்ரோலர்களுக்குப் புது ஃபர்ம்வேர் போட வந்தார்கள். ஒன்று ரீபூட் ஆகும்போது இன்னொன்று தாங்கிக்கொள்ளும், சர்வரை நிறுத்தவே வேண்டாம், இதுதான் வழக்கம். முதலில் கன்ட்ரோலர் 1 இறங்கியது, ஏறியது. சர்வரில் ஒரு வரிகூட வரவில்லை. ஆஹா என்று நினைத்தேன். அடுத்து கன்ட்ரோலர் 0 இறங்கியது. கன்சோலில் சரம் சரமாக எச்சரிக்கை ஓடியது. அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது. டேட்டாபேஸ் நின்றது. எல்எஸ் அடித்தால்கூடப் பதில் இல்லை.

சோலாரிஸின் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ்ஸில் ஃபெயில்மோட் என்று ஓர் அமைப்பு உண்டு. நாமாக மாற்றாவிட்டால் அது காத்திருக்கும்: டிஸ்க் திரும்பி வரும் வரைக்கும் எழுதுவது, படிப்பது எல்லாவற்றையும் அப்படியே பிடித்து நிறுத்திவிடும். டேட்டா கெடாமல் பிழைத்தது அதனால்தான். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு உறைந்த திரை மட்டும்தான் தெரியும்.

இரண்டே கால் மணிக்கு வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். பிரசவக் கேஸ், ரத்தப்போக்கு அதிகம், பழைய ரிப்போர்ட்டில் குரூப் பார்க்க வேண்டும், ஸ்க்ரீன் நகரவே இல்லை சார் என்றார். குரலில் கோபமே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. லேபில் இருந்தவர் புதிதாக ரத்தம் எடுத்துக் கையாலேயே குரூப் பார்த்துவிட்டார். எப்படியும் ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் செய்கிற வேலைதானாம் அது. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். மறுநாள் நானே போய் விசாரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தப் போனை வைத்த பிறகு டேட்டா சென்டர் குளிரில் என் கை நடுங்கியது குளிரினால் இல்லை.

கன்ட்ரோலர் திரும்பி வர பதினைந்து நிமிஷம். இசட்பூல் கிளியர் கொடுத்ததும் பூல், அதாவது இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுப்பு, எழுந்துவிட்டது. டேட்டாபேஸை நிறுத்தி ஏற்றி, சரிபார்த்து, வார்டுக்குச் சொல்லும்போது மொத்தம் 47 நிமிஷம் போயிருந்தது.

விடியும் வரை உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன். கேபிள் சரி. சோன் சரி. எம்பாத்அட்மில் லன்னை விரித்துக் கேட்டால் ஒவ்வொரு பாதையும் பெட்டியின் எந்தப் போர்ட்டில் போய் இறங்குகிறது என்று டபிள்யூடபிள்யூஎன்னோடு சொல்லும். அந்த இரண்டு எண்ணையும் பெட்டியின் திரையில் தேடினேன். இரண்டுமே கன்ட்ரோலர் 0.

எப்படி என்று கேள். பெட்டியில் போர்ட்டுகளின் பெயர் 0ஏ, 0பி, 1ஏ, 1பி. இதில் எண்தான் கன்ட்ரோலர், எழுத்து போர்ட். லன்னை எந்தப் போர்ட் வழியாகக் காட்டுவது என்று குறிக்கும் இடத்தில் அந்தப் பையன் எழுத்தைக் கன்ட்ரோலர் என்று எடுத்துக்கொண்டு, ஏயில் ஒன்று, பியில் ஒன்று என 0ஏவையும் 0பியையும் டிக் செய்திருக்கிறான். அவன் அதற்கு முன் வேலை பார்த்த பெட்டியில் அப்படித்தானாம். நான் பக்கத்திலேயே நின்று தலையாட்டியிருக்கிறேன். 1ஏயும் 1பியும் கேபிளோடு, பச்சை விளக்கோடு, சோனோடு எல்லாம் சரியாக இருந்தன. லன் மட்டும் அந்தப் பக்கம் இல்லை. மூன்று மாதமாக அந்த மருத்துவமனை ஒற்றைக் கன்ட்ரோலரில் ஓடியிருக்கிறது.

நாற்பது டிஸ்க் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எம்பிஎக்ஸ்ஐஓ இல்லாததால் நான்கு பாதையும் நான்கு டிஸ்க்காகக் கண்ணில் இடித்தன. ஒன்று குறைந்திருந்தால் எண்ணிப் பார்த்தே சொல்லியிருப்போம். இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக மடித்துக் கொடுத்துவிடுகிறது. இரண்டை மடித்தாலும் ஒன்று, நான்கை மடித்தாலும் ஒன்று. தன்னிடம் வந்தது எத்தனை என்றுதான் அதற்குத் தெரியும். வந்திருக்க வேண்டியது எத்தனை என்பது நமக்கு மட்டும்தான் தெரியும்.

லன்களை 1ஏ, 1பியிலும் காட்டியதும் ரீபூட் இல்லாமலே நான்குக்கு நான்கு வந்துவிட்டது. இரண்டு நிமிஷ வேலை. அடுத்த ஞாயிறு இரவு வார்டுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லி, பேப்பர் பதிவேடு எடுத்து வைக்கச் செய்து, நான்கு கேபிளையும் ஒவ்வொன்றாக உருவினேன். ஒன்றை மாட்டியதும் பாதை எண்ணிக்கை நான்குக்குத் திரும்பியதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததில் கை வைத்தேன். இதில் அவசரப்பட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து போய்விடும். கடைசியில் கன்ட்ரோலர் 1, பிறகு 0, இரண்டையும் ரீபூட் செய்தோம். டேட்டாபேஸ் ஒரு மூச்சு தயங்கியது, ஓடியது.

இனி உன் கதை. உன் ஏஐஎக்ஸில் பாதைகளைக் காட்டும் எல்எஸ்பாத் கட்டளை இருக்கிறது, எனேபிள்ட் என்று வரிசையாகச் சொல்கிறது, பிறகு என்ன என்பாய். அதைச் சும்மா அடித்தால் எந்த டிஸ்க், எந்த அடாப்டர் என்பது மட்டும்தான் வரும். பெட்டியில் எந்தப் போர்ட் என்று வராது. எஃப் ஆப்ஷன் கொடுத்து கனெக்ஷன் என்ற பத்தியையும் சேர்த்துக் கேள். அங்கே வரும் டபிள்யூடபிள்யூஎன்னைப் பெட்டித் திரையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடு. வருகிறவன் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், எண் கன்ட்ரோலரா எழுத்து கன்ட்ரோலரா என்று வாய்விட்டுக் கேள். அடாப்டர்களில் எஃப்சி எரர் ரெகவரி ஃபாஸ்ட் ஃபெயிலில், அதாவது பாதை செத்தால் காத்திருக்காமல் உடனே விடும்படி, இருக்கிறதா என்று பார். ஹெல்த் செக் இடைவெளி பூஜ்யமாக இருந்தால் செத்த பாதை திரும்பி வந்ததைக் கவனிக்க ஆள் இருக்காது, அதையும் மாற்று.

க்யூ டெப்த், அதாவது ஒரு லன்னில் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும் கட்டளைகளின் எண்ணிக்கை பற்றி நீயும் நானும் மெரினாவில் சண்டை போட்டதை மறுபடி ஆரம்பிக்கவில்லை. ஒன்று மட்டும். சோலாரிஸ் ஒரு லன்னுக்கு 256 கட்டளை வரை தள்ளப் பார்க்கும். எங்கள் பெட்டியின் ஒரு போர்ட் தாங்குவது 2048. நான்கு சர்வர், ஆளுக்கு 16 லன் வரும் என்று கணக்குப் போட்டு லன்னுக்கு 32 என்று இறக்கினேன். குறைத்தால் வேகம் போய்விடும் என்றாய் நீ. போகவில்லை. பேக்கப் நேரம் நிமிஷம்கூட மாறவில்லை.

எனக்கு உன்னைப் பற்றிய கவலை தொழில் தெரியாது என்பதில் இல்லை. உன்னைவிடச் சுத்தமாகக் கேபிள் கட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. பொங்கல் லீவு மூன்று நாள்தான், முதல் நாளே டேட்டா நகர்த்த ஆரம்பித்துவிட வேண்டும் என்று உன் மேனேஜர் நெருக்குவார் என்று செந்தில் சொன்னானே, அதுதான் கவலை. கன்ட்ரோலர் ரீபூட்டுக்கு ஒரு மணி நேரம் தனியாக இப்போதே திட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. அன்று இரவு பன்னிரண்டு மணிக்குக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள்.

மாட்டி முடித்ததும், ஒரு பைட் டேட்டா நகர்த்துவதற்கு முன்னால், எல்எஸ்பாத் வெளியீட்டையும் பெட்டியின் போர்ட் பட்டியலையும் எனக்கு அனுப்பு. நானும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறேன். மாட்டுப்பொங்கல் அன்று ஊருக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன். எந்நேரமானாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருப்பேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சேகர்