மரக்கறிப் பாத்திகளில் நெமற்றோடு (வேரைத் தாக்கும் நுண்புழு) பாதிப்பைக் கண்டறிய உதவி கோரல்

அனுப்புநர்: கந்தப்பளைப் பகுதித் தோட்ட லயங்களில் மரக்கறி செய்வோர்
பெறுநர்: பிரதி விவசாயப் பணிப்பாளர், நுவரெலியா

மதிப்பிற்குரிய ஐயா,

லயத்துக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர்ச் நிலத்தில் போஞ்சி, கரட், உருளைக்கிழங்கு போடுகிறோம். தோட்டச் சம்பளம் போதாத மாதங்களில் பிள்ளைகளின் கொப்பிக்கும் பஸ் காசுக்கும் இந்த மரக்கறிதான் கைகொடுக்கிறது.

இரண்டு போகமாகப் போஞ்சிச் செடிகள் திட்டுத் திட்டாக மஞ்சளித்துக் குட்டையாகின்றன. மண் ஈரமாக இருந்தும் மத்தியானத்தில் வாடுகின்றன. பசளை போதவில்லை என்று யூரியா போட்டோம், கடையில் சொன்ன மருந்தும் அடித்தோம். இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம், வேரை யாரும் பார்க்கவில்லை.

போன கிழமை ஒரு செடியை மண்ணோடு கெல்லி, தண்ணீரில் அலசினோம். வேர் முழுக்க முடிச்சு. போஞ்சி, சோயா வேரில் நல்ல முடிச்சும் உண்டுதான். காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்குக் கொடுக்கும் பக்டீரியாவின் முடிச்சு அது. வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் கழன்றுவிடும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். எங்கள் செடியில் வேரே வீங்கியிருந்தது. கழற்றப் போனால் வேர் அறுந்தது. இது நெமற்றோடு செய்த வேலையோ என்று சந்தேகப்படுகிறோம். பக்கத்துப் பாத்திக் கரட்டும் கவட்டையாகப் பிரிந்திருந்தது. கல் மண்ணிலும் கரட் பிரியும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியவில்லை.

உருளைக்கிழங்கை நினைத்தால் இன்னும் பயம். அதைத் தாக்கும் இன்னொரு வகை நெமற்றோடு, பூக்கும் காலத்தில் வேரில் குண்டூசித் தலையை விடச் சிறிய பொன்னிற உருண்டைகளாகத் தெரியும். அப்புறம் அவை பழுப்பாகி மண்ணில் உதிர்ந்து, உள்ளே இருக்கும் முட்டைகள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மம்பட்டியில் ஒட்டிய மண்ணே அவற்றை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகப் போதும். எங்களில் நாலு வீட்டுக்கு ஒரு மம்பட்டிதான்.

ஆகவே அடுத்த நடுகைக்கு முன் எங்கள் பாத்திகளில் மண்ணும் வேரும் எடுத்துப் பரிசோதிக்கவும், விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்து செடியைக் கெல்லிக் காட்டித் தமிழில் விளக்கவும் ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்கிறோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கொழுந்தெடுக்கும் பெண்களும் வரலாம். பாத்தியைப் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

வரும் திகதியை முன்கூட்டிச் சொன்னால், திட்டின் ஓரத்தில் இன்னும் உயிரோடிருக்கும் செடிகளைப் பிடுங்காமல் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
மரக்கறி செய்வோர் சார்பில்