கிளைடருக்கு மட்டும் டிரான்ஸ்பாண்டர் வேணாமா? எஃப்ஏஏ-வுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துற எஃப்ஏஏ-வோட அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரக் கடைசியில நெவாடா மின்டன்ல இருந்து கிளைடர்ல, அதாவது இன்ஜின் இல்லாத விமானத்துல, கிளம்பி பைன் நட் மலைக்கு மேல தெர்மல்ல (மேல எழும்புற சூடான காத்துல) சுத்திக்கிட்டு இருந்தோம், 14,000 அடி இருக்கும், எங்களுக்குக் கீழ ஒரு பிசினஸ் ஜெட் ரீனோ பக்கமா இறங்கிப் போச்சு, ஜன்னலை எண்ணிடலாம், அவ்ளோ கிட்ட. வரும்போது நாங்க பாக்கவே இல்ல, தாண்டிப் போனப்புறம்தான் பாத்தோம். அந்த பைலட்டுகளுக்கு நாங்க அங்க இருந்ததே தெரிஞ்சிருக்காது. நாம எங்க இருக்கோம்னு ரேடாருக்கும் மத்த விமானங்களுக்கும் பதில் சொல்ற டிரான்ஸ்பாண்டர் கிளப் கிளைடர்ல கிடையாது, இருக்கணும்னு உங்க ரூலும் கேக்கல, கிளைடருக்கு விலக்கு.

2006 ஆகஸ்ட் 28 உங்களுக்கு மறந்திருக்காது. இதே ஏரியா, 16,000 அடி, ஒரு ஹாக்கர் ஜெட்டும் ஏஎஸ்டபிள்யூ 27 கிளைடரும் மோதிச்சு. ஜெட்டோட மூக்கு பிஞ்சு, ஒரு இன்ஜினும் போயி, கார்சன் சிட்டியில சக்கரம் இல்லாம வயித்துல இறங்குச்சு. கிளைடர்காரர் பாராசூட்ல குதிச்சார். யாரும் சாகல, அது சாமி புண்ணியம், சிஸ்டத்தோட புண்ணியம் இல்ல. இதுல கொடுமை என்னன்னா அந்தக் கிளைடர்ல டிரான்ஸ்பாண்டர் இருந்துச்சு, பேட்டரியை ரேடியோவுக்கு மிச்சம் பிடிக்க ஆஃப் பண்ணி வச்சிருந்தார்.

இந்த பேட்டரி கதை ஆபீஸ்ல உக்காந்து பாத்தா புரியாது. கிளைடர்ல கரண்ட் எடுக்க இன்ஜின் கிடையாது, காலையில சார்ஜ் பண்ணி எடுத்துட்டுப் போனதுதான். சியரா மலையைத் தாண்டி அலை மாதிரி எழும்புற காத்துல (வேவ்) அஞ்சாறு மணி நேரம் மேல இருந்தா குளிர்ல பேட்டரி வேற சீக்கிரம் படுத்துரும், ஏறுறோமா இறங்குறோமான்னு காட்டுற வேரியோ, ஜிபிஎஸ், ரேடியோ எல்லாம் அதுலதான் ஓடணும், வோல்டேஜ் இறங்க இறங்க எதை அணைக்கலாம்னு தேடுவோம், ரூல் கட்டாயப்படுத்தாததுதானே முதல்ல அணையும்? டிரான்ஸ்பாண்டரை அணைச்ச நொடியே, ஜெட்ல மோதலை எச்சரிக்கிற டிகாஸ் கருவிக்கு நாம காணாமப் போயிடுறோம். நாங்க வாங்கி வச்சிருக்கிற ஃபிளார்ம்ங்கிற எச்சரிக்கைக் கருவி, ஃபிளார்ம் இருக்கிற இன்னொரு விமானத்தோடதான் பேசும், அந்த ஜெட்ல இருக்காது.

கண்ணால பாத்து ஒதுங்கிக்கோங்கன்னு சொல்றீங்க. பாத்து, புரிஞ்சு, திருப்பி, விமானம் நகர 12.5 செகண்ட் ஆகும்னு உங்க சர்க்குலரே சொல்லுது. 300 நாட் வேகத்துல (மணிக்கு சுமார் 555 கிலோமீட்டர்) வர்ற ஜெட் அதுக்குள்ள கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் வந்துரும். அவ்ளோ தூரத்துல நேருக்கு நேர் வர்ற வெள்ளைக் கிளைடர் ஒரு கோடு. மோதப்போறது கண்ணாடியில நகராது வேற, அதே இடத்துல நின்னுக்கிட்டே பெருசாகும்.

கிளைடருக்கான டிரான்ஸ்பாண்டர் விலக்கை எடுங்கன்னு, விபத்துகளை விசாரிக்கிற என்டிஎஸ்பி 2008-லயே சொல்லிடுச்சு. 2014-ல, நம்மளை மத்த விமானங்களுக்குக் காட்டிக்குடுக்குற, கம்மி பவர்ல ஓடுற டாப்ஸ் கருவிக்கு நீங்களே ஸ்டாண்டர்ட் போட்டீங்க, 2015-ல விலக்கை எடுக்கலாமான்னு கருத்துக் கேட்டீங்க, நாங்களும் பக்கம் பக்கமா எழுதினோம். விமானம் தான் இருக்கிற இடத்தைத் தானே அறிவிச்சுக்கிட்டே இருக்கிற ஏடிஎஸ்-பி 2020-ல கட்டாயமானப்பவும் கிளைடருக்கு விலக்கு. கால் கிலோவைத் தாண்டின பொம்மை ட்ரோன், தான் எது, எங்க இருக்குன்னு அறிவிக்கிற ரிமோட் ஐடி இல்லாமப் பறந்தா நாட்டுக்கே ஆபத்து, ரெண்டு ஆளைத் தூக்கிட்டு ஜெட் வழியில குறுக்கப் போற கிளைடருக்கு ஒண்ணும் வேணாம். நல்லா இருக்குங்க உங்க நியாயம்!

எங்க ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. லட்ச டாலர் கிளைடர் வாங்குவாங்க, டிரான்ஸ்பாண்டருக்கு சில ஆயிரம்னா சுதந்திரம் போச்சேன்னு கத்துவாங்க. அந்த சத்தத்துக்குப் பயந்துதான் ஃபைலைத் திறக்காம வச்சிருக்கீங்களோ என்னவோ.

சரி, கோவம் இருக்கட்டும், பணிவாவே கேக்குறேன். நாடு முழுக்க ஒரே நாள்ல வேணாம். ரீனோ மாதிரி ஜெட்டும் கிளைடரும் கலக்குற இடங்கள்ல, 10,000 அடிக்கு மேல, விலக்கை எடுங்க. டாப்ஸ் போதும்னு சொல்லுங்க, கிளப்புகளுக்கு ரெண்டு வருஷம் டைம் குடுங்க. விலக்கை எடுக்கப் போறதில்லன்னா அதையாவது காரணத்தோட எழுத்துல குடுத்துருங்க.

இப்படிக்கு,
மின்டன்ல பறக்குற ஒரு கிளைடர்காரன்