கப்பல் வழித்தடப் படங்கள்: தெரியாத இடத்தில் கோடு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில், தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சென்ற ஒரு சரக்குப் பெட்டகக் கப்பலின் வழித்தடத்தைச் சிவப்புக் கோடாகக் காட்டும் வரைபடம் வெளியாகியிருந்தது. அந்தக் கோடு மன்னார் வளைகுடாவில் தெற்கே சிறிது தூரம் இறங்கி, சட்டென்று வடகிழக்காகத் திரும்பி, தனுஷ்கோடி முனையை உரசிக்கொண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேறி, நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே மறுபடியும் கடலில் இறங்கிச் சென்னையை அடைந்தது. மறுநாள் காலை மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே தேநீர்க் கடையில் விசைப்படகு உரிமையாளர் ஒருவர் அந்தப் பக்கத்தை என் முன் விரித்து, "என்ன அண்ணாச்சி, சேதுக் கால்வாய எப்போ வெட்டி முடிச்சாங்க?" என்று கேட்டார். பல ஆண்டுகள் கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நின்று, சார்ட் எனும் கடல் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டவன் என்ற முறையில் அந்தக் கேள்வி என்னைத் தைத்தது.

இராமர் பாலம் எனப்படும் மணல்திட்டுத் தொடரின் மேல் பெரும்பாலும் ஓரிரு மீட்டர் நீர்தான் நிற்கிறது; சில திட்டுகள் நீருக்கு மேலேயே தெரியும். சரக்கேற்றிய பெட்டகக் கப்பலுக்கு 8, 10 மீட்டர் ஆழமாவது வேண்டும். சிறு படகுகளும் பார்ஜுகளும் பாம்பன் பாலத்தைத் திறக்கச் செய்து கடந்து போவதுண்டு. பெட்டகக் கப்பல் போவதில்லை. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம், 167 கிலோமீட்டர் நீளத்துக்கு 12 மீட்டர் ஆழக் கால்வாய் அமைந்தால் 400 கடல் மைல் அளவுக்குச் சுற்று மிச்சமாகும் என்று சொல்லித்தான் முன்வைக்கப்பட்டது. அந்த வேலை பாதியில் நின்றதால், தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல் இன்றும் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையைச் சுற்றிக்கொண்டுதான் சென்னைக்கு வருகிறது.

அப்படியானால் தங்கள் படத்தின் கோடு எங்கிருந்து வந்தது? வரைந்தவர் கற்பனையாக எதையும் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் தானியங்கி அடையாளக் கருவி, கப்பல்காரர்கள் சொல்வதுபோல் ஏ.ஐ.எஸ்., பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2004ஆம் ஆண்டு முடிவுக்குள் கட்டாயமாக்கப்பட்டது. ஓடும் கப்பல் சில நொடிகளுக்கு ஒருமுறையும், நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறையும் தன் நிலையை அறிவிக்கிறது. ஆனால் அது வி.எச்.எஃப். எனும் குறைந்த தூரமே எட்டும் வானொலி அலை; கரையிலுள்ள ஏற்பிக்கு எட்டும் தூரத்தைத் தாண்டினால், செயற்கைக்கோள் வழியாகப் பெற்ற பதிவை விலை கொடுத்து வாங்காதவருக்குக் கப்பல் மறைந்துபோகும். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைத்த அந்தக் கப்பலின் புள்ளிகளை நானும் எடுத்துப் பார்த்தேன். மன்னார் வளைகுடாவில் ஒரு புள்ளி, அதற்கு அடுத்ததாகக் கோரமண்டல் கரைக்கு அப்பால் ஒரு புள்ளி; இடையில் 39 மணி நேரம் ஒன்றுமில்லை. வரைந்த மென்பொருள் இவ்விரண்டையும் நேர்கோட்டால் இணைத்துவிட்டது.

இதில் வியப்பு என்னவென்றால், பிழை அந்தப் புள்ளிகளின் பட்டியலிலேயே தெரிகிறது. இரண்டு புள்ளிகளிலும் கப்பலின் வேகம் 14 நாட், அதாவது மணிக்கு 14 கடல் மைல், என்று பதிவாகியிருக்கிறது. நேர்கோட்டின் நீளமோ ஏறத்தாழ 200 கடல் மைல்தான். அதை 39 மணி நேரத்தால் வகுத்தால் 5 நாட் வேகம் வருகிறது. அதாவது தங்கள் கோட்டின்படி அக்கப்பல் ஊர்ந்திருக்க வேண்டும். இலங்கையைச் சுற்றி அளந்தால் 550 கடல் மைலுக்குக் குறையாது, வேகமும் 14 நாட்டுக்குச் சரியாக வந்து நிற்கிறது.

இத்தகைய படங்களுக்கு நான் பயன்படுத்துவது ஜிஎம்டி என்னும் இலவச மென்பொருள். கிரீன்விச் நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான் என்பதால் என் போன்ற பழைய கப்பல்காரர்களுக்கு முதலில் குழப்பம் வரும், இது வேறு. 1980களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் லாமோன்ட் புவியியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த பால் வெஸ்ஸலும் வால்ட்டர் ஸ்மித்தும் கடலடி அளவைத் தரவுகளை வரைபடமாக்கும் பொருட்டு இதை உருவாக்கினார்கள். வெஸ்ஸல் பின்னர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2024இல் மறையும்வரை இதை வளர்த்தார். ஆய்வுக் கப்பல் சென்ற தடத்தை வரைந்து, அதன்மேல் நாளும் மணியும் மாறும் இடங்களைக் குறிப்பதற்கென்றே இதில் தனிக் கட்டளை உண்டு. கப்பலின் தடம் இதற்கு வந்து சேர்ந்த வேலை அன்று, பிறந்த வேலை.

இதில் சுட்டியால் இழுத்து வரைவது கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். "பிகின்" என்று தொடங்கி, "கோஸ்ட்" என்ற கட்டளைக்குக் கிழக்குத் தீர்க்கரேகை 76 முதல் 83 வரை, வடக்கு அட்சரேகை 5 முதல் 14 வரை என்று எல்லை கொடுத்தால் கரைக்கோடு வந்துவிடும். "பிளாட்" என்ற கட்டளைக்குப் புள்ளிகள் உள்ள கோப்பின் பெயரையும் கோட்டின் தடிமனையும் நிறத்தையும் கொடுத்து, "எண்ட்" என்று முடித்தால் படம் தயார். நாலே வரிகள். அந்த "பிளாட்" வரியின் கடைசியில் கழித்தல் குறி போட்டு ஜி, டி என்ற இரு எழுத்துகளும் 20 என்ற எண்ணும் கே என்ற எழுத்தும் சேர்த்துவிட்டால், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 20 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும் இடத்தில் கோடு தானாகவே அறுந்துவிடும். 14 நாட்டில் ஓடும் கப்பலுக்கு 20 கிலோமீட்டர் என்பது முக்கால் மணி நேர ஓட்டம். அதற்கு மேல் கப்பல் எங்கே இருந்தது என்று வரைபவருக்குத் தெரியாது, ஆகவே கோடும் இருக்காது. தங்கள் படத்தை வரைந்தவரின் மென்பொருளில் இப்படியொரு வசதி இருந்திருந்தால், தனுஷ்கோடிப் பக்கம் அந்தக் கோடு எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

கட்டளை வரிக் கருவி தவறே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. முதல் தடவை நான் தட்டியபோது கரைக்கோடு அழகாக வந்தது, கப்பலைத்தான் காணோம். அரை மணி நேரம் தேடிய பிறகே புரிந்தது: கோப்பில் அட்சரேகை முதலிலும் தீர்க்கரேகை அடுத்தும் இருந்தன, கருவியோ தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்க்கிறது. வடக்கு 8.75, கிழக்கு 78.2 என்ற தூத்துக்குடி நங்கூரப் பகுதி, இடம் மாறியதும் வடக்கு 78.2, கிழக்கு 8.75 ஆகி, ஆர்க்டிக்கில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே போய் விழுந்திருந்தது. அதுவும் உலகில் உள்ள ஓர் இடம்தான் என்பதால் கருவி ஒரு முணுமுணுப்பும் எழுப்பவில்லை. கழித்தல் குறியோடு முக்காற்புள்ளி ஒன்று சேர்த்ததும் கப்பல் ஊர் திரும்பியது. என் தவறு என்ன, அதை எந்த இடத்தில் திருத்தினேன் என்பது அந்த நாலு வரியில் இன்றும் எழுத்தாக இருக்கிறது. சுட்டியால் இழுத்துப் போட்ட கோட்டில் இப்படித் தேட முடியுமா? பிரிட்ஜில் லாக் புக் எனும் பயணப் பதிவேட்டை எழுதுவதைப் போன்றது இது. மறுநாள் வேறொருவர் அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏ.ஐ.எஸ். பதிவுகள் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் தரப்படுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. 2017 ஜனவரி 28 விடியற்காலை 4 மணி வாக்கில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டதும், கரையில் ஒதுங்கிய எண்ணெயை இளைஞர்கள் வாளியில் அள்ளியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த மோதலின் தடத்தை வரைய விரும்பும் ஒருவர் 28ஆம் தேதிக் கோப்பை மட்டும் திறந்தால், மோதிய கணம் அதில் இருக்காது. அது 27ஆம் தேதி இரவு 10 மணிக்கு மேல் என்று முந்தைய நாள் கோப்பில் கிடக்கும். தங்கள் படத்தில் குறித்திருந்த புறப்பாட்டு நேரமும் இந்திய நேரமா, பொது நேரமா என்று எங்கும் சொல்லப்படவில்லை.

வேறு சில கண்ணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன் இருப்பிடம் தெரியாத ஏ.ஐ.எஸ். கருவி, அட்சரேகை 91, தீர்க்கரேகை 181 என்று அனுப்பும். உலகில் இல்லாத அந்த இடத்தை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். ஜிஎம்டியின் கரைக்கோடுகள் ஐந்து நுணுக்க அளவுகளில் கிடைக்கின்றன. மிகக் கரடான அளவைத் தேர்ந்தெடுத்தால் கச்சத்தீவு போன்ற சிறு தீவு படத்தில் இருக்காது, பாக் நீரிணையின் வடிவமே மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏ.ஐ.எஸ். என்பது கப்பல் தன்னைப் பற்றித் தானே சொல்லும் வாக்குமூலம். 2021 ஜூனில் பிரிட்டனின் டிஃபெண்டர் போர்க்கப்பல் ஒடெசா துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்த இரவில், அது கிரிமியாவின் செவஸ்தோபோல் அருகே சென்றதாகப் பொய்த்தடம் ஒன்று பதிவாகியிருந்தது.

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்து ஒதுங்கின. அத்தகைய நாள்களில் கப்பல் எங்கிருந்து எங்கே போனது என்பதைக் கடற்கரை மக்கள் நாளிதழின் படத்தைப் பார்த்தே அறிகிறார்கள். இனி வழித்தடப் படம் வெளியிடும்போது, பதிவு இல்லாத பகுதியில் கோட்டைத் துண்டித்தும், பதிவு எங்கிருந்து பெறப்பட்டது, நேரம் எந்த நேரம் என்பதைப் படத்தின் கீழே சிறு எழுத்தில் குறித்தும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கணிப்புக் கோடு போட்டே ஆக வேண்டுமென்றால் அதைப் புள்ளிக்கோடாகப் போட்டு, கணிப்பு என்று எழுதிவிடலாம்.

அதே கப்பலின் தடத்தை நான் மறுபடியும் வரைந்து, வரைந்த நாலு வரிகளையும் சேர்த்து இக்கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். மன்னார் வளைகுடாவிலிருந்து கோரமண்டல் கரை வரையிலான அந்த 39 மணி நேரம் அதில் வெறுமையாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகக் கப்பல் அதிகாரி,
தூத்துக்குடி