கோபுரம் இருக்கட்டும், குத்தகைப் பத்திரத்தைப் பேசுவோம்

கன்சாஸ் சிட்டி கன்ட்ரி கிளப் பிளாசாவின் புதிய உரிமையாளர்களுக்கும், அங்கே கடைகளை வாடகைக்கு விடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழிலும் எழுதக் காரணம், இந்த ஊரிலும் ஓவர்லேண்ட் பார்க் பக்கத்திலும் சிறு கடை வைத்திருக்கிற, வைக்க ஆசைப்படுகிற நண்பர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான். நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். கட்டடக் கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. வாடகையைப் பற்றிப் பேசலாம்.

2016-ல் 66 கோடி டாலருக்குக் கைமாறிய பிளாசாவை, 2024-ல் நீங்கள் ஏறத்தாழ 17.5 கோடி டாலருக்கு வாங்கினீர்கள். ஊரில் பலர் இதை ஒரு வீழ்ச்சிக் கதையாகச் சொல்லி உச்சுக்கொட்டுகிறார்கள். கணக்கெழுதுகிறவன் கண்ணுக்கு அதில் ஒரு வாய்ப்பும் தெரிகிறது. 66 கோடி போட்டவர், அந்தப் பணத்துக்கும் அதன்மேல் வாங்கிய கடனுக்கும் வட்டி கட்டியாக வேண்டும். கடைக்காரரைப் பிழியாமல் அது நடக்காது. அதில் நாலில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாகக் கொடுத்து வாங்கிய உங்களுக்கு அந்தக் கழுத்துப்பிடி இல்லை. பழுதுபார்க்க நிறையச் செலவு காத்திருக்கிறது, தெரியும். அப்படியும், குறைந்த வாடகையில் தொடங்கிப் பொறுத்திருந்து பார்க்கக்கூடிய நிலை உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

பிளாசாவைப் பார்க்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம். மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில், பிரஷ் க்ரீக் ஓடையை ஒட்டி 1923-ல் திறந்த கடைவீதி இது. ஜே. சி. நிக்கல்ஸ் என்ற மனை வணிகர் உருவாக்கியது. வரைந்தவர் எட்வர்ட் டெல்க். ஸ்பெயினின் செவில் நகரத்துச் சாயல்: சிவப்பு ஓட்டுக் கூரை, வண்ண ஓடு பதித்த சுவர், வளைவு வாசல், மூலைக்கு மூலை நீரூற்று. 1967-ல் செவிலின் ஹிரால்டா கோபுரத்தைப் பாதி அளவில் இங்கே எழுப்பினார்கள். அதே ஆண்டு செவிலும் கன்சாஸ் சிட்டியும் சகோதர நகரங்களாயின. காரில் வருகிறவர்களை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட முதல் அமெரிக்கக் கடைவளாகம் என்று வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சொல்வார்கள்.

தொடக்கத்தில் இங்கே மளிகை, மருந்துக்கடை, அழகு நிலையம் எல்லாம் இருந்தன. பின்னால் சினிமா அரங்கும் சியர்ஸ் பேரங்காடியும் வந்தன. வெளியே செவில், உள்ளே அக்கம்பக்கத்தார் அன்றாடம் வந்துபோகிற கடைத்தெரு. ஓட்டையும் கோபுரத்தையும் யாரும் கட்டிவிடலாம்; இந்த நாட்டில் ஊருக்கு ஊர் போலி பவேரியாவும் போலி டஸ்கனியும் நிற்கின்றன. நிக்கல்ஸ் செய்ததில் என்னைக் கவர்வது வேறு. வாடகையை விற்பனையோடு முடிச்சுப் போடும் ஒப்பந்தத்தை அமெரிக்கக் கடைவளாகங்களில் வேரூன்ற வைத்த முன்னோடிகளில் அவர் ஒருவர்.

நம் ஊர் வயலில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இது. குத்தகை என்றால் மழை பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. அப்போது வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று நிலக்காரரும் எட்டிப் பார்ப்பார். பிளாசாவில் 1925-ல் ஒரு கதவுக்கு மேல் கட்டிய ஒற்றைச் சர விளக்கு, இன்று நன்றி நவிலும் நாளன்று வீதி முழுக்க எரிகிற விளக்கு விழாவாக வளர்ந்திருக்கிறது. விற்பனையில் பங்குள்ள உரிமையாளருக்கு விளக்குப் போடுவதும் வண்டி நிறுத்த இடம் கொடுப்பதும் தன் தொழிலாகிவிடும்.

சதவீத வாடகை இன்றைக்கும் பத்திரங்களில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் பார்க்கிற பத்திரங்களில் அது வேறு வடிவில் வருகிறது. அடிப்படை வாடகையை முதலில் உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். விற்பனை ஒரு எல்லையைத் தாண்டினால் அதற்குமேல் பங்கும் கேட்கிறார்கள். நல்ல ஆண்டில் வாரம், கெட்ட ஆண்டில் குத்தகை.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 1,200 சதுர அடிக் கடை. சதுர அடிக்கு ஆண்டுக்கு 40 டாலர் என்றால் 48,000. அதற்குமேல் சொத்து வரி, காப்பீடு, பொதுப் பராமரிப்பு. இந்தக் கடைசியைத்தான் எல்லாரும் ‘கேம்’ என்பார்கள். மூன்றும் சேர்ந்து 15 டாலர் என்று வைத்தால் 18,000. ஆக 66,000. வாடகைச் செலவு விற்பனையில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் சிறு கடைக்கு மூச்சு முட்டும் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. அப்படியானால் இந்தக் கடை ஆண்டுக்கு 6,60,000 டாலர், மாதத்துக்கு 55,000 டாலர் விற்க வேண்டும். தேயிலையும் மசாலாவும் விற்கிறவர், தையல் கடைக்காரர், பழைய புத்தகம் விற்கிறவர் யாருக்கும் இது எட்டாது. எட்டக்கூடியவர்கள் எல்லா மாலிலும் ஏற்கெனவே இருக்கிற சங்கிலிக் கடைக்காரர்கள். அவர்களைப் பார்க்க எதற்கு இவ்வளவு தூரம் வந்து நீரூற்றுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டும்?

இதில் ‘கேம்’ தனிக் கதை. அடிப்படை வாடகை எவ்வளவு என்று கையெழுத்துப் போடும்போதே தெரியும். கேம் எவ்வளவு என்று ஆண்டு முடிந்த பிறகுதான் தெரியும், உச்சவரம்பு எழுதாவிட்டால். வேறொரு வளாகத்தில் கடை வைத்திருந்த ஒருவருக்கு வந்த ஆண்டுக்கடைசிப் பாக்கிச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன். அவர் கடைக்கு மேலே இல்லாத கூரையின் பழுதுக்கும் அதில் பங்கு இருந்தது. பத்திரத்தில் அதற்கு இடமிருந்தது. சட்டப்படி யாரும் தவறு செய்யவில்லை.

இன்னொரு பிரிவு, பெரிய கடைகள் தங்களுக்கு மட்டும் எழுதிக்கொள்வது: வளாகத்தின் முதன்மைக் கடை வெளியேறினால் எங்கள் வாடகையும் குறையும் என்பது. சிறு கடைக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இது யாருக்கு அதிகம் தேவை? பிளாசாவுக்கு வரப்போவதாக 2018-ல் அறிவித்த நார்ட்ஸ்ட்ராம் பேரங்காடி 2022-ல் பின்வாங்கியது. அதற்கு முன்பே, 2014-ல், ஹால்ஸ் பேரங்காடி இங்கிருந்து இதே ஊரின் இன்னொரு வளாகமான கிரவுன் சென்டருக்குப் போய்விட்டது. பெரிய பெயர்களை நம்பித் தெருவில் கூட்டம் வரும் என்று கையெழுத்திட்ட சிறு கடைக்காரர், பெரிய பெயர் வராதபோதும் அதே வாடகையைத்தான் கட்டுகிறார். போதாக்குறைக்குத் தன் வீட்டையும் சேர்த்துத் தனிப்பட்ட ஜாமீன் எழுதிக் கொடுத்திருப்பார்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். கடன் கொடுக்கிற வங்கி நிலையான வருமானத்தைத்தான் மதிப்பாக எண்ணும். காலிக் கடைக்குச் சதுர அடிக்கு 50 டாலர் என்று காகிதத்தில் விலை வைத்திருப்பது, அதையே 20 டாலருக்கு உண்மையில் விடுவதைவிட வங்கிக்கு அழகாகத் தெரியும். காலிக் கடைகள் நெடுநாள் காலியாகவே கிடக்க இது ஒரு காரணம். ஆனால் விற்பனையில் பங்கு என்பது ஏழைக் கடைகளுக்கான சலுகை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1995-ல் திறந்த பிஸ்டர் வில்லேஜ், கிராமத்துத் தெரு போன்ற அமைப்பில் உலகின் விலையுயர்ந்த பிராண்டுகளுக்குக் கடை விடுகிறது. அங்கே வாடகை பெருமளவு விற்பனையோடு இணைந்ததே.

டாலஸில் உங்களுக்கு இருக்கிற இன்னொரு கடைவளாகமான ஹைலண்ட் பார்க் வில்லேஜும் ஸ்பானியச் சாயல் கொண்டது, 1931-ல் தொடங்கியது. ஷனெல், எர்மெஸ் போன்ற விலையுயர்ந்த பிராண்டுகளின் வரிசையில் அதை நடத்திக் காட்டியிருக்கிறீர்கள். அதே அச்சை இங்கே கொண்டுவந்து பதிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இந்த ஊரில் அவ்வளவு பணக்காரர்கள் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று: இங்கிருந்து கொஞ்சம் தெற்கே, நிக்கல்ஸே ஆங்கில டியூடர் பாணியில் தொடங்கிய புரூக்சைடு கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கோபுரம் கிடையாது, விளக்கு விழாவின் புகழும் கிடையாது. உள்ளூர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மனிதர்கள் நடந்தே வருகிறார்கள்.

நிக்கல்ஸைப் புகழ்ந்துகொண்டே போனதால் இதையும் சொல்ல வேண்டும். தன் கடைவளாகங்களில் செய்த தவறுகளை 1945-ல் தானே ஒரு வெளியீடாக எழுதிய மனிதர் அவர். அதைவிடப் பெரிய தவறு அவருடைய வீட்டுமனைப் பத்திரங்களில் இருந்தது: கறுப்பினத்தவருக்கு விற்கவோ அவர்கள் குடியிருக்கவோ கூடாது என்ற நிபந்தனை. 1948-ல் உச்ச நீதிமன்றம், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்றது. 2020-ல் பிளாசாவை ஒட்டிய நீரூற்றிலிருந்தும் சாலையிலிருந்தும் நிக்கல்ஸின் பெயரை நகரம் நீக்கியது. ஒரு வட்டாரத்தில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதைப் பத்திரத்தின் சிறு எழுத்துகள் முடிவு செய்ய முடியும் என்று இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். இன்றைய கடைப் பத்திரத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. சதுர அடிக்கு 40 டாலரும் வரம்பில்லாத கேமும் வீட்டு ஜாமீனும் சேர்ந்தால் இந்த ஊரில் கறுப்பினத்தவர் வட்டாரத்தைப் பிரிக்கும் கோடாக நெடுங்காலம் இருந்த ட்ரூஸ்ட் சாலைக்குக் கிழக்கிலிருந்து எத்தனை கடைக்காரர்கள் இங்கே வர முடியும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கேட்கிறேன். பிளாசாவின் தெருமுகக் கடைகளில் ஐந்தில் ஒன்றை உள்ளூர்க்காரர்களுக்கென ஒதுக்குங்கள். 600 முதல் 1,000 சதுர அடிக்குள் பிரித்து, சுவரும் மின்சாரமும் குழாயும் முடித்துக் கொடுங்கள். அடிப்படை வாடகையைப் பெயருக்கு வைத்து, மீதியை விற்பனையில் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள்; விற்பனைக் கணக்கை மாதாமாதம் காட்டுவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. கேமுக்கு ஆண்டு உயர்வு வரம்பு எழுதுங்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம், நீட்டிக்கும் உரிமை கடைக்காரர் கையில். ஜாமீன் ஆறு மாத வாடகைக்கு மேல் வேண்டாம். பெரிய கடை காலியானால் சின்னக் கடைக்கும் வாடகை குறையட்டும். அந்த மாதிரிப் பத்திரத்தை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்தான் அதை முதலில் படிப்பார்.

ஒரு நடைமுறை விஷயம். கடையைத் தயார் செய்து, அனுமதிகள் வாங்கி, சரக்கு இறக்க மூன்று மாதமாவது பிடிக்கும். ஆகஸ்டில் கையெழுத்தானால்தான் நவம்பரில் விளக்கு எரியும்போது கடை திறந்திருக்கும். சிறு கடைகள் பலவற்றுக்கு ஆண்டின் லாபமே அந்தச் சில வாரங்களில்தான். டிசம்பரில் பத்திரம் நீட்டிப் புதுக் கடைக்காரரை ஜனவரிப் பனியில் திறக்க வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சிறு கடைகளின் கணக்கெழுத்தர் ஒருவர்,
கன்சாஸ் சிட்டி